கடைசி நேர உயிர்காப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கும் நகரத்தின் பிற மருத்துவமனைகளுக்கும் உள்ளூரிலிருந்து மட்டுமன்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் நோய் முற்றியவர்கள் கொண்டுவரப்படுகிறார்கள். ஆனால் இதயம் நின்றுபோனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அந்த நோயாளிகளிடமே முன்னதாகக் கேட்டறிந்த குடும்பங்கள் மிகச் சில. இரக்கமின்மையால் எவரும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. சாவைப் பற்றி வாயெடுத்தாலே அபசகுனம் என்ற தயக்கத்தோடு, மருத்துவத்தையும் சட்டத்தையும் பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் சேர்ந்தே வாயை அடைத்துவிடுகின்றன.

“நெஞ்சை அமுக்கி, ஷாக் வைத்தால் உயிர் திரும்பிவிடும்” என்பது அவற்றில் முதன்மையானது. சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் மீட்புச் சிகிச்சையில் நெஞ்சை மார்பெலும்பின் மேல் ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குகிறார்கள். முதியவர்களுக்கு இதில் விலா எலும்பு முறிவது வழக்கமாக நேரக்கூடியது. நெஞ்சைத் திறக்காமலே இதயத்தை இயக்கும் இம்முறையை 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மாரடைப்பிலும் மின்தாக்குதலிலும் நீரில் மூழ்கியும் திடீரென இதயம் நின்றவர்களை இது காப்பாற்றியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் 1996இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இச்சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைத்து வீடு திரும்புவதாகக் காட்டப்படுவதைச் சுட்டிக்காட்டியது. அந்நாட்டு மருத்துவமனைகளிலேயே இதயம் நின்று, நலம்பெற்று வீடு திரும்புவோர் நான்கில் ஒருவர் அளவுக்கே உண்டு. உடலெங்கும் பரவிய புற்றுநோயிலோ, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்த நிலையிலோ இதயம் நிற்பது திடீர் விபத்து அன்று, நோயின் கடைசிப் படி. அங்கே மீள்வோர் அதைவிட மிகக் குறைவு. மீள்பவர்களிலும், இரத்தம் போகாத சில நிமிடங்களில் மூளை சேதமடைந்து, நினைவு திரும்பாமல் வெண்டிலேட்டரில் கிடப்பவர்கள் உண்டு.

“வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் கைவிட்டுவிடுவார்கள்” என்பது அடுத்த அச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்னும் குறிப்பு அந்த ஒரு முயற்சியை மட்டுமே தடுப்பது என்பதைத் தெளிவாக்குகிறது. வலிக்கான மார்பின், மூச்சுத்திணறலுக்கான ஆக்சிஜன், காய்ச்சலுக்கான மருந்து, புண் பராமரிப்பு என மற்ற அனைத்தும் தொடரும். நோயாளியிடமோ, அவரால் பேச முடியாதபோது அவர் சார்பில் முடிவெடுப்பவரிடமோ சிகிச்சையளிக்கும் மருத்துவர் பேசி, நோயாளியின் குறிப்பேட்டில் இதை எழுதிவைக்கிறார்.

உண்மையில், சிகிச்சையை நிறுத்தும் முடிவைத் தமிழ்க் குடும்பங்கள் வெகுநாளாக எடுத்தே வருகின்றன. உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்பதற்காக, மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச்செல்வதாகக் கையெழுத்திட்டு, தொண்டைக் குழாயில் பொருத்திய, மூச்சூட்டும் ஆம்பு பையை ஆம்புலன்சில் ஒருவர் கையால் அழுத்திக்கொண்டே வர, நடுக்கூடத்துக் கட்டிலில் கிடத்தியபின் குழாய் எடுக்கப்படுகிறது. பயணத்தின் வலிக்கும் குழாய் எடுத்தபின் வரும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கொடுக்க அங்கே பல வேளைகளில் எவரும் இருப்பதில்லை. நோயாளி என்ன விரும்பினார் என்பதும் எவருக்கும் தெரிந்திருப்பதில்லை. இந்தத் துன்பம் தவிர்க்கக்கூடியது என்பதே இதில் வேதனையானது.

“இது தற்கொலைக்குச் சமம், சட்டம் ஏற்காது” என்ற கருத்து இன்று செல்லாது. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவதற்கு நிபந்தனைகளோடு வழி திறந்த உச்ச நீதிமன்றம், ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. ஆயினும் நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்ற அன்றைய நிபந்தனை அந்த உரிமையைச் சாமானியருக்கு எட்டாக்கனி ஆக்கியது. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும் என்றாயிற்று. நோய் தீரும் வாய்ப்பில்லை, நோயாளியால் முடிவு சொல்லவும் இயலவில்லை என்ற நிலை வரும்போது, மருத்துவமனையின் முதல்நிலைக் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாம் குழுவும், இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் தத்தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆவணம் இல்லாத நோயாளிக்கும் நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு இவ்வழி திறந்தே இருக்கிறது; ஆவணம் எழுதியவர் தெளிந்த மனநிலையில் உள்ளவரை எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

“பெரிய பிள்ளை பார்த்துக்கொள்வான்” என்பது சட்டத்தின் பார்வையில் போதுமானதன்று. தன் சார்பில் பேச வேண்டியவர்களின் பெயரை ஆவணத்திலேயே குறிப்பிட வேண்டும், ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். ஒரு படி குடும்ப மருத்துவரிடமும், இன்னொன்று நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடமும் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் ஏற்பாடு. பெட்டியில் பூட்டிய தாளை ஐ.சி.யு. மருத்துவர் பார்க்கப்போவதில்லை; ஆகவே படி ஒன்று மருத்துவமனைக் கோப்பிலேயே இருப்பது நல்லது.

இந்நகரத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. 1962க்குப் பிறகும் பிரெஞ்சு குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில், பிரான்சில் எழுதிய ஆவணம் இங்கும் செல்லும் என்று சிலர் எண்ணக்கூடும். அந்நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய ஆவணம் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். பொதுவாகத் தேதியும் கையொப்பமும் இருந்தால் போதும். இந்திய நடைமுறையோ சாட்சிகளையும் சான்றையும் கேட்கிறது. எனவே இங்கே சிகிச்சை பெறுபவர் இந்திய முறைப்படி தனியே ஒன்று எழுதிவைப்பதே பாதுகாப்பு. பிள்ளைகள் பாரீசிலும் பெற்றோர் முத்தியால்பேட்டையிலும் வாழும் வீடுகளில், அதில் பெயர் பெறுவோருள் ஒருவராவது அழைத்தவுடன் மருத்துவமனைக்கு வரக்கூடிய உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.