கரண்ட் போனாலும் கடிதம் வாசிக்கலாம்

சாம்பல்தீவில் வீட்டுக் கணினி வைத்திருப்பவர் ஜிமெயிலை உலாவியிலேயே பார்த்துவிடலாம். தனியாக ஒரு மென்பொருள் எதற்கு? 2022 மார்ச் இறுதியில் இலங்கையெங்கும் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை நினைத்தால் விடை தெரியும். ரவுட்டர் அணைந்தாலும், மடிக்கணினியில் ஏற்கெனவே இறங்கிய கடிதத்தை வாசிக்கலாம்; பதிலும் எழுதி வைக்கலாம். இணைப்பு வந்ததும் அனுப்பினால் சரி.

இதற்குத் தோதான மின்னஞ்சல் மென்பொருள் தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் மொசில்லா வெளியிட்டது, இன்றும் இலவசம். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களை அமுக்காமல், தண்டர்பேர்ட்.நெட் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

நிறுவியதும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கும். ஜிமெயில் என்றால் மற்ற விவரங்களை அதுவே கண்டுபிடித்துவிடும். அஞ்சலைப் பெற ஐமேப், பொப் என்று இரண்டு வழி காட்டினால் ஐமேப்பைத் தெரிவுசெய்யுங்கள். அப்போதுதான் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே அஞ்சல்பெட்டி இருக்கும். அடுத்து கூகுளின் நுழைவுச் சாளரம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே கொடுங்கள்.

டேட்டாவை அளந்து செலவழிக்கும் வீடுகளுக்கு இனித்தான் முக்கியமான வேலை. கணக்கு அமைப்பில், ஒத்திசைவு பற்றிய பகுதிக்குப் போய், கடைசி 30 நாள் அஞ்சல் மட்டும் இறங்கினால் போதும் என்று குறியுங்கள். இத்தனை கேபிக்கு மேற்பட்டது தானாக இறங்க வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லலாம். கனடா மாமா அனுப்பும் கலியாணப் படங்கள் ஆறுதலாக இறங்கட்டும்!

ஒன்று கவனம்: ஐமேப்பில், கணினியில் அழித்த கடிதம் கைப்பேசியிலிருந்தும் போய்விடும்.