சுட்ட களிமண்ணும் சிமென்ட்தான்!

சிமென்ட் ஆலைன்னா நிலக்கரிப் புகைதான் பிரச்சினைன்னு நினைக்கிறீங்களா? வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல், சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போது கல்லிலிருந்தே வருது. எரிபொருளை மாத்தினாலும் நிக்காது. அந்தக் கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரையே குறைக்கணும்.

எல்சி3 சிமென்ட்டில் பொதுவா கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். கிளிங்கருக்கு 1450 டிகிரி செல்சியஸ் வேணும். களிமண்ணுக்குச் சுமார் 800 போதும். களிமண்ணின் அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிந்து கான்கிரீட்டின் நுண்துளைகளைச் சிறுசாக்கும். உப்பு உள்ளே போய் கம்பி துருப்பிடிப்பதும் குறையும். ஐஐடி மெட்ராஸிலும் ஆய்வு நடந்திருக்கு. 2023-ல் ஐஎஸ் 18189 தரநிலையும் வந்தாச்சு.

சைட்டுலதான் சிக்கல். களிமண் தண்ணியை இழுத்துக்கும், ஸ்லம்ப் சீக்கிரம் விழும். மேஸ்திரி "இன்னும் ஒரு குடம் ஊத்து" என்பார். ஊத்திடாதீங்க, ஸ்ட்ரெங்த் போயிடும். முன்னாடியே டிரையல் மிக்ஸ் போட்டு சூப்பர்பிளாஸ்டிசைசர் அளவை முடிவு பண்ணிக்கோங்க.