கொடையும் ஆட்சியும்: ரஃபீக் ஹரீரி வாழ்வு தரும் பாடம்

லெபனான் நாட்டின் சைதா நகரில் எளிய உழவர் குடும்பமொன்றில் 1944ஆம் ஆண்டு பிறந்தவர் ரஃபீக் ஹரீரி. பெய்ரூத்தில் வணிகவியல் பயின்ற அவர், 1965இல் சஊதி அரேபியா சென்று கணித ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர்க் கட்டுமானத் தொழிலில் இறங்கினார். தாயிஃப் நகரில் பெரும் விடுதியொன்றைக் குறித்த தவணைக்குள் கட்டி முடித்தமை அவர்தம் உயர்வுக்கு வாயிலாயிற்று.

ஈட்டிய பொருளைக் கொண்டு 1979இல் அறக்கட்டளை நிறுவினார். உள்நாட்டுப் போரால் தாயகம் சிதைந்துகொண்டிருந்த அந்நாளில், 30,000க்கும் மேற்பட்ட மாணவர் சமயப் பிரிவு வேறுபாடின்றி அதன் உதவியால் உயர்கல்வி பெற்றனர். போரை முடிவுக்குக் கொணர்ந்த 1989ஆம் ஆண்டுத் தாயிஃப் உடன்படிக்கைக்கு உழைத்தோருள் அவரும் ஒருவர்.

1992இல் அவர் பிரதமரானார். இவ்விடத்தே நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். பெய்ரூத்தின் நடுநகரைப் புதுப்பிக்க 1994இல் சொலிதேர் நிறுவனம் தோன்றியது. நில உரிமையாளர்க்கு நிலத்துக்கு ஈடாகப் பங்குகளே வழங்கப்பட்டன. பிரதமரும் அதில் பங்குதாரர். நகர் எழுந்தது, அரசின் கடனும் பன்மடங்கு பெருகியது. உரிமையிழந்தோர் முறையிட்டனர்.

தம் பொருளை ஈபவரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. பொதுப்பொருளை ஆள்பவரோ கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். முன்செய்த கொடை அக்கடமையைத் தீர்ப்பதாகாது. 2005 பிப்ரவரி 14 அன்று குண்டுவெடிப்பில் ஹரீரி கொல்லப்பட்டார். அவரால் கற்றோரின் நன்றியும், நிலம் இழந்தோரின் முறையீடும் ஒருங்கே உண்மை. இரண்டையும் எண்ணிப் பார்ப்பதே மாணவர்க்கு அழகு.