மீனாட்சியா, கயலா?

கேள்வி: மகளுக்கு என் மாமியாரின் பெயரான மீனாட்சியை வைக்கச் சொல்கிறார்கள். பழைய பெயராக இருக்கிறதே?
– வாசகி, மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! மீன் போன்ற கண்ணுடையவள் என்பது பொருள். மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதுபோல் பார்வையாலேயே உயிர்களைக் காப்பவள் என்று பக்தர்கள் விரித்துச் சொல்வார்கள். பாண்டியர் கொடியிலும் மீன்தானே!

மீனாட்சி வடமொழிப் பெயர். அதே பொருளில் தமிழில் அங்கயற்கண்ணி உண்டு. செட்டிநாட்டில் மீனாள், வீட்டில் மீனா. தனித்தமிழ் ஆர்வம் பெருகிய காலத்தில் கயல்விழி பரவியது. இப்போது அதுவும் சுருங்கி வெறும் ‘கயல்’. 2014-இல் அந்தப் பெயரில் ஒரு படம் வந்தது. 2021-இல் தொலைக்காட்சித் தொடரே தொடங்கியது. ஆக, பெயர் வழக்கொழியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாமியார் பெயரைச் சொல்லி மகளை அதட்டத் தயக்கமா? அதற்கும் நம் வீடுகளில் வழி இருக்கிறது: சான்றிதழில் மீனாட்சி, கூப்பிடக் கயல். பாட்டிக்குப் பாட்டி பெயர், பேத்திக்குப் புதுப் பெயர். இரண்டிலும் நீந்துவது ஒரே மீன்தான்!