பதினொரு எழுத்து விலாசம்

பணம் அனுப்புகிறவர்கள் பெறுகிறவருடைய பெயரை எழுதுவதில் காட்டும் சிரத்தையில் பாதியைக்கூட, அதற்குக் கீழே நிரப்ப வேண்டிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் காட்டுவதில்லை என்பதை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தாருக்கு வங்கிப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்துவரும் நான் ஓயாமல் கண்டுவருகிறேன். மின்னணுப் பரிமாற்றத்தில் பெயரைவிடப் பிரதானமானவை கணக்கு எண்ணும் அந்தக் குறியீடுமே. கணக்கு எண்ணை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டே பணம் வரவு வைக்கப்படும் என்பதை ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

அந்தப் பதினொரு எழுத்துகளில் முதல் நான்கு வங்கியைக் குறிக்கும். கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவே ஐந்தாம் ஸ்தானத்தில் நிற்பது, பிற்கால உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்ட பூஜ்யம். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிய எங்கள் தெருப் பையன் ஒருவன், அம்மாவின் பாஸ்புக்கில் அச்சு மங்கிப்போயிருந்த அந்த இடத்தில் விரலை வைத்து, "சார், இது பூஜ்யமா, ஓ எழுத்தா?" என்று கேட்டான். இந்த அமைப்பை அறிந்தவருக்கு அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. எந்த வங்கியானாலும் அது பூஜ்யந்தான். குறியீட்டைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது, பொருளுணர்ந்து படிக்கவும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் நான்கு எழுத்துகளிலும் ஜாக்கிரதை வேண்டும். 'ஐ, டி, ஐ, பி' என்று கண்டதும் அது ஐ.டி.பி.ஐ. வங்கி என்று நினைக்கத் தோன்றும். அதுவோ இந்தியன் வங்கிக்கு உரியது. ஐ.டி.பி.ஐ. வங்கியின் எழுத்துகள் 'ஐ, பி, கே, எல்'. ஆக்ஸிஸ் வங்கி யூ.டி.ஐ. வங்கி என்னும் பழைய பெயரை விட்டு வெகுகாலமான பின்னும், அதன் குறியீடு இன்றும் 'யூ, டி, ஐ, பி' என்றே தொடங்குகிறது.

வங்கிகளின் இணைப்புக்குப் பிறகு நேர்ந்த சங்கடங்கள்தாம் மிகுதி. 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு சிண்டிகேட் வங்கியும், இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கியும் இணைந்தன. சிண்டிகேட் கிளைகளின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாமற்போயின. கனராவின் நான்கு எழுத்துகளை முன்னே வைத்து, பழைய கிளை எண்ணோடு பத்தாயிரத்தைக் கூட்டியதே புதிய குறியீடு. கணக்குப் புத்தகத்தை மாற்றிக்கொண்ட பலர், தமக்குப் பணம் அனுப்பும் ஸ்தாபனங்களுக்கு அதைத் தெரிவிக்க மறந்துவிட்டனர். எனக்குத் தெரிந்த விதவைப் பெண்மணி ஒருவருக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகை, பழைய குறியீட்டின் காரணமாகத் திரும்பிப் போய், மறுபடி வந்து சேரும்வரை அவர் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று.

காசோலையின் அடிப்பட்டையில் காந்த மையால் அச்சிட்டிருக்கும் ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண் வேறு. அதில் முதல் மூன்று இலக்கங்கள் ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் காட்டும். ஊருக்குரிய இலக்கங்கள் பெரும்பாலும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்றே. ஆகவே 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை. அடுத்து 002 வந்தால் ஸ்டேட் வங்கி, 019 வந்தால் இந்தியன் வங்கி. இயந்திரம் படிக்கும் அந்தப் பட்டையில் கையொப்பமோ முத்திரையோ படக்கூடாது.

பணம் செலுத்துமுன் பெறுகிறவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது பெரிய உபகாரம். பெரிய தொகையானால், முதலில் நெஃப்ட் மூலம் ஒரு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டறிந்த பின் மீதியை அனுப்புவது என் வழக்கம். நெஃப்டில் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை.

வாசகர்கள் தங்கள் வீட்டுப் பாஸ்புக்குகளின் முதல் பக்கத்தை இன்றே புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். இணைந்துபோன வங்கியின் எழுத்துகள் அதில் இன்னும் இருந்தால், கிளைக்குச் சென்று புதிய குறியீட்டை எழுதி வாங்கி, ஓய்வூதிய அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பிள்ளைகளின் கல்லூரிக்கும் தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள்.