விதைக்கடன்

உழவை உலகிற்கு முதன்முதல் கற்பித்தவர் ஆதிபகவனாகிய விருஷபதேவர் என்பது நம் மரபு. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழில்களுள் தமிழ்ச் சமணர் பெரிதும் கைக்கொண்டது உழவையே. ஆயினும் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் நிலம் குத்தகைக்குப் போயிற்று. பிள்ளைகள் நகரத்திற்குப் போயினர். பட்டா நம் பெயரில் இருக்கிறது. விதை எடுக்கத் தெரிந்த கை இல்லை. அத்தொழிலை மீளக் கற்பித்த ஒரு திருவிழாவை ஈண்டு ஆராய்வோம்.

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ஆம் ஆண்டு நெல் திருவிழா தொடங்கிற்று. நடத்தியவர், கோ. நம்மாழ்வாரின் வழிவந்த நெல் ஜெயராமன். அவர் 2018 டிசம்பரில் மறையும்வரை 170-க்கு மேற்பட்ட மரபு நெல் இரகங்களைத் தேடித் திரட்டினார். அவருக்குப் பின்னும் திருவிழா நடந்துள்ளது. வருவோர் உரை கேட்டுக் கலைவதில்லை. உழவர் ஒருவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பர்; அடுத்த ஆண்டு அவர் அதனை 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அவ்வளவே நிபந்தனை. என் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ‘செய்து கற்றல்’ என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி மனப்பாடம் செய்தோம்! இத்திருவிழாவிலோ தேர்வு வயலில் நடக்கிறது. விடைத்தாள் நெல்லாகவே திரும்பி வருகிறது.

2 கிலோ எதற்குப் போதும் என்று ஐயுறுவோர் உண்டு. வழக்கமான நடவில் ஏக்கருக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் விதை செலவாகும். ஒற்றை நாற்று முறையில், 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒன்றாக நட்டால், அந்த 2 கிலோவே ஒரு ஏக்கருக்குப் போதும். கடனைத் தீர்த்தபின் எஞ்சுவது உழவருக்கே. அரசு வெளியிட்ட ஆடுதுறை இரகங்களையும் நாம் மறுபடி விதைக்கலாம். அவற்றைப் பழிப்பது முறையன்று. வீரிய ஒட்டு விதை அத்தகையதன்று. அதன் விளைச்சலை மீண்டும் விதைத்தால் பயிர் ஒருசீராக வாராது. பருவந்தோறும் கடைக்குப் போயாக வேண்டும்.

விதை எடுத்தல் முன்பு பெண்டிர் கைத்திறமாக இருந்தது. பூக்கும் தருணத்தில் வயலில் இறங்கிக் கலவன் பயிர்களைப் பிடுங்கி விடுதல், நன்கு முற்றிய கதிர்களைத் தனியே அறுத்துக் காயவைத்தல், நொச்சியும் வேம்பும் இடையிட்டுக் குதிரில் வைத்தல் ஆகியவை அதன் கூறுகள். புழு வந்தபின் கொல்வதினும் வாராமல் காப்பதே அறம் என்பது நம் பாட்டிமார்க்கு நூல் படியாமலே தெரிந்திருந்தது. விதைக்குமுன் உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அமிழ்ந்ததை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுப்பர். உப்பின் அளவறியக் கோழிமுட்டையை மிதக்கவிடுவது ஊர் வழக்கம். நம் வீட்டில் அது ஆகாது. உருளைக்கிழங்கும் அதே வேலையைச் செய்யும். கிழங்கு உண்ணாத வீட்டார் அதற்கென ஒன்று வாங்கிவரத்தான் வேண்டும்.

திருவிழாக்களிலும் இயற்கை வேளாண் பயிற்சிகளிலும் கற்பவற்றை நாம் அப்படியே ஏற்றலாகாது என்பதற்காகவே இதனைக் குறித்தேன். மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்கவிட்ட மீன் அமிலத்தைப் பயிர் ஊக்கியாகப் பலர் பரிந்துரைப்பர். முட்டைக் கரைசலும் உண்டு. வேறு வழி இருக்க, அவற்றை நாடுவது அணுவிரதிக்குப் பொருந்தாது. ஜீவாமிர்தத்திற்கு 200 லிட்டர் நீர், 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயற்றுமாவு, ஒரு பிடி வரப்பு மண் போதும். இரண்டு நாள் நிழலில் வைத்துக் கலக்கிவந்தால் ஏக்கருக்காகும். பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம் தெளிக்கலாம். உழவில் நேரும் உயிர்க்கேட்டைத் தொழில்வழி வரும் ஹிம்சை என்றும், கொல்லக் கருதிச் செய்வதைச் சங்கற்ப ஹிம்சை என்றும் நம் ஆசாரியர் பிரித்துரைத்தனர். இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டியது பின்னதை. முன்னதைக் குறைக்க முயல வேண்டும். நஞ்சு தெளித்தல் எதனுள் அடங்கும் என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்குமுன் பெற்றோரே எண்ணிப் பார்க்கலாம்.

தென்னேரிப் பக்கத்து நமக்கு விதை மட்டும் போதாது. நம் பாசனம் ஏரியை நம்பியது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தவை. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்திற்கு 6 பேரைக் குடவோலை இட்டுத் தெரிந்தெடுத்தனர். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். (அக்கணக்கில் எனக்கு இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை.) முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவன் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். வாய்க்கால் தூர்ந்தால் தன் வயலே காயும் என்ற நிலையில் உள்ளவரிடம் ஏரியை ஒப்படைத்த நுட்பம் அது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கு ஒருமுறை நெல் மூட்டைக்கு மட்டும் வரும் நாம் இன்று அந்த ஆறுபேருள் ஒருவராக இருக்கத் தகுதியுடையோமா?

நம் பகுதியில் இத்தகைய விழா எடுக்க ஜினாலய மண்டபம் போதும். நீர் விரைவில் வற்றும் கடைமடைக்குக் குறுகிய வயதுள்ள பூங்கார், நீர் தேங்கும் தாழ்நிலத்திற்கு உயர்ந்து வளரும் காட்டுயானம் என்று நிலத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். பெயர் கேட்டு மயங்கிப் பெறுவது வீண். உயர்ந்த இரகங்களுக்கு உரம் மிகுந்தால் பயிர் சாய்ந்துவிடும். காட்டுயானம் ஏறத்தாழ 180 நாள் பயிர். வைகாசியில் விதை பெற்று ஆடியில் விதைப்பவர் தையில் அறுப்பார். காயவைத்துப் பதர் நீக்கி நொச்சியிட்டு வைத்தால், அடுத்த வைகாசியில் 4 கிலோவைக் கொண்டுவந்து அளந்து கொடுத்து, பேரேட்டில் தம் பெயருக்கு நேரே கையொப்பமிடலாம்.