அடுப்பு வேண்டாம்... ஒரு தாம்பாளம் போதும்!

சாயங்காலம் ஐந்தரை மணி. ஸ்கூலிலிருந்து வந்த மகள் "அம்மா, பசிக்குது!" என்று பையை ஒரு மூலையில் வீசுகிறாள். ஆபீஸிலிருந்து வந்தவர் "சூடா ஏதாவது இருக்கா?" என்கிறார். உடனே நாம் என்ன செய்கிறோம்? வாழைக்காயைச் சீவி, கடலை மாவைக் கரைத்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஜ்ஜித் தட்டு ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. என் மாமனாருக்கு 74 வயது. சர்க்கரை நோய் வந்து 12 வருஷமாகிறது. அவருக்கு மட்டும் ஒரு சின்னத் தட்டில் நாலு பிஸ்கட். அதை வாங்கிக்கொண்டு வழக்கம்போல வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் ஒன்பது வயது மகள் சட்டென்று கேட்டாள்:

"ஏம்மா தாத்தாவுக்கு மட்டும் எப்பவும் தனித் தட்டு? தாத்தா ஏதாவது தப்பு பண்ணிட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க சாப்பிடுங்கம்மா, எனக்கு எதுக்கு?" என்று மாமா சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பு மனசை என்னவோ செய்தது.

அடுத்த முறை சர்க்கரை பரிசோதனைக்குப் போனபோது, அங்கிருந்த உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். "பிஸ்கட்டும் மைதாவும் சர்க்கரையும்தானே? அதைவிட, அளவோடு பழம் கொடுக்கலாமே!" என்றார். இவ்வளவு நாள் பழத்துக்குப் பயந்து பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறேன்! அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டுப் 'பழத் தாம்பாளம்'. அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். தாத்தா, பாட்டி, மூன்று வயது வாண்டு எல்லோருக்கும் ஒரே தட்டு. அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்னென்ன வேண்டும்?

ஆறு பேருக்கு: கெட்டியான கொய்யா இரண்டு, சின்னப் பப்பாளியில் பாதி, ஆப்பிள் ஒன்று, அன்னாசி இரண்டு வட்டம், மாதுளை ஒன்று, ஒரு கைப்பிடி திராட்சை, மலைவாழைப்பழம் ஒன்று. கூடவே வெள்ளரிக்காய் ஒன்று, கேரட் ஒன்று.

பழம் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழமாவது வேண்டும் என்கிறது. இந்த ஒரு தட்டிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

'பழம் விற்கிற விலையில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா?' என்று கேட்கிறீர்களா? ஆப்பிள் இல்லாவிட்டால் குடியே முழுகிப் போகாது! 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம்கூடத் தேறாது. அதே 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. நார்ச்சத்தும் 5 கிராமுக்குக் குறையாது. பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யா, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, சிறுமலை வாழைப்பழம் என்று நம் ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது. அந்தந்த சீசனில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் போதும்.

கழுவுவதில் ஒரு பாடம்

தோலை எறியத்தானே போகிறோம் என்று பப்பாளியையும் அன்னாசியையும் தர்பூசணியையும் கழுவாமலே வெட்டுகிறோம். இது பெரிய தப்பு. தோலில் இருக்கும் மண்ணும் கிருமியும் கத்தியோடு சேர்ந்து சதைக்குள் இறங்கிவிடும். ஆகவே எந்தப் பழமானாலும் வெட்டுவதற்கு முன்னால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்புப் பவுடரெல்லாம் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் ஈரத்தைத் துடையுங்கள்.

வெங்காயம் நறுக்கிய பலகையில் பழத்தை வைத்தால் வாடை ஏறும். மீன், கறி வெட்டிய பலகை என்றால் வாடை மட்டுமல்ல, கிருமியும் ஏறும். பழத்துக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன?

வெறும் பழத்தை நீட்டினால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். தொட்டுக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் தட்டு காலியாகும்.

அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு வடிதட்டில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். இதை மதியமே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, தயிர் வெண்ணெய் மாதிரி திரண்டிருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அது பிரமாதம்!

வடித்த தயிரை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காரத் தயிர்: ஒரு பங்கில் பொடியாக நறுக்கிய புதினா, நுணுக்கிய மிளகு கால் டீஸ்பூன், சிட்டிகை உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. கொய்யா, வெள்ளரிக்காய், கேரட்டுக்கு இது அருமையான ஜோடி. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள். மிளகும் எலுமிச்சையுமே போதும்.

இனிப்புத் தயிர்: இன்னொரு பங்கில் நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழத்தை மசித்து, ஏலப்பொடி ஒரு சிட்டிகை சேர்த்துக் கலக்குங்கள். சர்க்கரை வேண்டவே வேண்டாம். இது பிள்ளைகளுக்கு.

'சர்க்கரைக்குப் பதில் தேன் விட்டால் தாத்தாவும் சாப்பிடலாமே?' என்று என் கணவர் கேட்டார். பல வீடுகளிலும் இந்த நினைப்பு இருக்கிறது. தேனோ, வெல்லமோ, நாட்டுச் சர்க்கரையோ எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இன்னொன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடும். அபூர்வம்தான். ஆனால் ஆபத்தானது.

அன்னாசி செய்த குறும்பு

முதல் தடவை நான் அன்னாசித் துண்டுகளைத் தயிரிலேயே போட்டுக் கலந்து வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ஒரே கசப்பு! தயிர் கெட்டுவிட்டதோ என்று பால்காரரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. பச்சை அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அது தயிரில் உள்ள புரதத்தை உடைக்கும்போதுதான் அந்தக் கசப்பு வருகிறது. பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் பப்பைன் உண்டு. எனவே இந்த இரண்டையும் தயிரோடு முன்கூட்டிக் கலக்காதீர்கள். சாப்பிடும்போது தொட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது.

ஆப்பிள் கறுக்காமல் இருக்க, ஒரு கப் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, துண்டுகளை அதில் முக்கி எடுத்தால் போதும்.

யாருக்கு எப்படி வெட்டுவது?

மூன்று வயது வாண்டுக்கு: முழுத் திராட்சையைக் கொடுக்கவே கூடாது. வழுவழுவென்று உருண்டையாக இருப்பதால் தொண்டையில் போய்ச் சரியாக அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது வரை, திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். கேரட்டையும் ஆப்பிளையும் துருவுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை பக்கம் போகவே வேண்டாம். குழந்தை ஓடிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ சாப்பிடக் கூடாது. உட்கார வைத்து, கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

பல்செட் போட்ட பாட்டிக்கு: என் மாமியாருக்குக் கொய்யா என்றால் உயிர். ஆனால் விதை பல்செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். நடுவிலுள்ள விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, சதையை மட்டும் மெல்லிய வில்லைகளாக்கினேன். "எத்தனை வருஷமாச்சு இதைச் சாப்பிட்டு!" என்றார்கள்.

சர்க்கரை உள்ள தாத்தாவுக்கு: அவர் பக்கம் கொய்யா, பப்பாளி, ஆப்பிள், வெள்ளரிக்காய் இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம், அதாவது 100 கிராம் அளவு. வாழைப்பழம், சப்போட்டா, மாம்பழம் போன்றவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம் என்பதால், ஆசைக்கு ஒரு துண்டு, இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜூஸாக அடித்துக் கொடுக்கவே கூடாது. நார்ச்சத்தை வடிகட்டிவிட்டு, மூன்று பழத்தின் சர்க்கரையை ஒரே மடக்கில் குடிப்பது போலாகிவிடும். கடித்து, மென்று சாப்பிடும்போது சர்க்கரை மெதுவாக ஏறும். கூடவே காரத் தயிர் இருந்தால் இன்னும் நல்லது.

முக்கியமாக, இது மாலைச் சிற்றுண்டிக்குப் பதிலாகத்தானே தவிர, சிற்றுண்டியும் சாப்பிட்டு அதற்கு மேல் இது அல்ல. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்தப் பழம் தனக்கு ஒத்துக்கொள்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: இவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தத் தட்டில் கை வைக்க வேண்டாம். பல பழங்களில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். ஸ்டார் ஃப்ரூட் இவர்களுக்கு விஷத்துக்குச் சமம். தொடவே கூடாது.

எச்சில் படாமல் பகிர்ந்துகொள்ள...

எல்லோரும் ஒரே தட்டில் என்றதும் மாமியார், "ஐயய்யோ, எச்சில் படுமே!" என்றார்கள். நியாயமான பேச்சுதான். கடித்த துண்டையே மறுபடி தயிரில் தோய்த்தால், ஒருவருடைய சளி இருமல் வீட்டுக்கே வந்துவிடும். அதனால் தயிருக்கு நடுவில் ஒரு பொதுக் கரண்டி. அவரவருக்கு ஒரு குட்டிக் கிண்ணம். வேண்டிய தயிரை அதில் போட்டுக்கொண்டு, பழத்தைத் தட்டிலிருந்து முள்கரண்டியால் எடுத்துக்கொள்ள வேண்டியது. தட்டு பொது, கிண்ணம் சொந்தம். மாமியாருக்கும் திருப்தி, டாக்டருக்கும் திருப்தி!

தட்டுக்கென்று ஒன்றும் வாங்க வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிப் பரணில் கிடக்கும் எவர்சில்வர் தாம்பாளம் போதும். நடுவில் இரண்டு தயிர்க் கிண்ணம். சுற்றிலும் பப்பாளியின் ஆரஞ்சு, கொய்யாவின் வெள்ளை, மாதுளையின் சிவப்பு, வெள்ளரியின் பச்சை. அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தானே அடுக்கியதைச் சாப்பிட மாட்டேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது.

நேரத்தில் கண்டிப்பு வேண்டும். நறுக்கிய பழத்தையும் தயிரையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்ஸியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களுக்கு இந்தக் கணக்குதான். அதனால் சாப்பிடப் போகும்போது மட்டும் நறுக்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பஜ்ஜி அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் சட்டி ஏறத்தான் செய்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தாம்பாளத்துக்கு. கொய்யா வாங்கும் பொறுப்பை மாமாவே எடுத்துக்கொண்டுவிட்டார். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போய், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ரொம்பப் பழுக்காததாகத் தேடி எடுத்து வருகிறார். அதில் நடையும் சேர்ந்துவிடுகிறது.

போன வாரம் தட்டு வந்ததும் என் மகள் ஓடிப்போய், வாசலில் கிடந்த அந்த நாற்காலியை இழுத்து வந்து ஹாலுக்கு நடுவில் போட்டாள். "தாத்தா, உங்க இடம் இங்கேதான்" என்றாள். மாமா ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டு கொய்யாவை எடுத்துக் காரத் தயிரில் தோய்த்து, முதலில் அவளுக்கு நீட்டினார்.